தலையாட்டிப் புரிந்துகொண்ட வரி

பேரறிஞர்களெல்லாம் தலையைச் சொறிந்துகொண்டிருந்த சரக்கு மற்றும் சேவை வரியை ஐயந்திரிபறப் புரிந்துகொண்ட முதல் ஊர் என்ற கீர்த்தி, பேராவூரணிப் பக்கத்து நெய்வாசல்குறிச்சியையே சேரும். வரலாறு இதை மறைக்கப் பார்க்கலாம், நடக்காது.

ஆடி மாதம், ஊர்க் கல்யாண மண்டபத்தில் "வரி விழிப்புணர்வுப் பெருவிழா". வாடகைப் பாத்திரக் கடை வள்ளிக்கண்ணுவுக்கு விழிப்புணர்வு முன்பே வந்திருந்தது. வரி அலுவலகத்து நோட்டீஸ் வந்த நாளிலிருந்து தூக்கமே இல்லை. கும்பகோணத்தில் வரியும் சேர்த்துக் கொடுத்து அண்டாக்கள் வாங்கினாள். விற்றவர் அந்த வரியை அரசாங்கத்துக்குக் கட்டாமல் கடையைப் பூட்டிவிட்டுக் காணாமல் போனார். ஆகவே அதை வள்ளிக்கண்ணுவே மறுபடி கட்ட வேண்டுமாம். கட்டுவதானால் அந்த அண்டாக்களைத்தான் விற்றாக வேண்டும்.

வாசலிலேயே அவள்மேல் பன்னீர் தெளித்தார்கள். "ஒருநாளும் தவறாமல் வரி கட்டும் உத்தமி" என்று மைக்கில் சொல்லி, கழுத்தில் மாலை போட்டு, முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். உத்தமிக்கு நோட்டீஸ் அனுப்பியதும் இந்த விழாவை நடத்திய அதே அலுவலகம்தான். அரசு எந்திரத்தின் பாரபட்சமின்மைக்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அதிகாரி அறிவுடைநம்பி உரையைத் தொடங்கினார். "உள்ளீட்டு வரி வரவு என்பது, வழங்குநரால் செலுத்தப்பட்டு, பெறுநரால் கோரப்பட்டு..."

மண்டபம் மரியாதையோடு கொட்டாவி விட்டது. டீக்கடை முத்துக்கருப்பு எழுந்தார்.

"சார், சரக்குக்கு எத்தனை பர்சென்ட்டு?"

"நீங்க கேக்குற சரக்கு இந்த வரியில வராது."

"பேருலயே இருக்கேங்க?"

"பேருல மட்டும்தான் இருக்கு."

அதிகாரியின் கண், மறுநாள் மொய் விருந்துக்காக மூலையில் போட்டிருந்த மேசைமீது விழுந்தது. ஞானம் பிறந்தது.

"நீங்க ஊருக்கு வைக்கிற மொய், உங்க வீட்டு விசேஷத்துல திரும்பி வருதுல்ல? அதேதான்! வாங்கும்போது கட்டின வரியை, அப்புறம் நீங்க கட்டவேண்டிய வரியில கழிச்சுக்கலாம்."

"அட, இவ்வளவுதானா! இதுக்கா டெல்லியில அத்தனை கூட்டம் போட்டாங்க?" என்றார் முத்துக்கருப்பு. கைதட்டலில் மண்டபம் அதிர்ந்தது.

வள்ளிக்கண்ணு எழுந்தாள். "சார், நான் மொய் வச்சேன். வாங்கி எழுதுறவரு பணத்தோட ஓடிட்டாரு. அவரைப் பிடிக்காம என்னை மறுபடி வைக்கச் சொல்றீங்களே?"

"அவரு அந்த முகவரியில இல்லம்மா. நீங்க இருக்கீங்க."

"அப்ப ஓடாம இருந்ததுதான் என் தப்பா?"

"தப்புன்னு யாரும்மா சொன்னா? எங்களுக்கு ஒரு வசதி."

"ஏக்கா, பெரிய மனுசன் இவ்வளவு தூரம் வந்து சொல்றாரு, சரின்னுட்டு உக்காருக்கா. பின்னாடி பொங்கல் ஆறுது" என்றார் முத்துக்கருப்பு.

அறிவுடைநம்பி மைக்கை நெருங்கினார். "புரிஞ்சவங்க எல்லாரும் தலையை ஆட்டுங்க. போட்டோ எடுத்து மேலிடத்துக்கு அனுப்பணும்."

ஊரே ஆட்டியது. முதல் வரிசையில் ஒரு தலை மட்டும் அசையவில்லை.

"நீங்களும் ஆட்டுங்கம்மா. சும்மா ஒரு தடவை."

வள்ளிக்கண்ணு கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு மாலையைக் கழற்றினாள்.

"பன்னீர் தெளிச்சீங்க, மாலை போட்டீங்க, இப்பத் தலையை ஆட்டச் சொல்றீங்க. எங்க ஊர்க் கோயில்ல ஆடு தலையை ஆட்டினதும் என்ன பண்ணுவாங்கன்னு எனக்குத் தெரியும் சார். நான் ஆட்ட மாட்டேன்."