பூங்கொடி குசினிக்குள் வந்த கதை

கார்ஜ் லே கொனெஸ், பாரிஸ் புறநகர்

பாசத்துக்குரிய அம்புறோஸ் அண்ணைக்கு,

தங்கை சிசிலியா எழுதிக்கொள்வது. மாதாவின் தயவால் நாங்கள் இங்கே உயிரோடு இருக்கிறோம். ரொறொன்ரோவில் நீங்களும் மச்சாளும் அதைவிடச் சற்று மேலாக இருப்பீர்கள் என நம்புகிறேன். தொலைபேசியில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னால் என் கணவர் பக்கத்தில் நின்று கேட்டு, அதையும் ஓர் அத்தியாயமாக்கிவிடுவார். ஆகையால் கடிதம்.

போன வருடம் அவர் தன் நாவலின் முதல் பக்கங்களை உங்களுக்கு வாசித்துக் காட்டினார். வயல், வரம்பு, பூங்கொடி என்றொரு வாயில்லாப் பெண். அவளால் யாருக்கும் தொந்தரவில்லை. தமிழ் படிப்பித்த வாய் சும்மா இருக்குமா? "றெமிஜியஸ், உமக்கு வயலைப் பற்றி என்ன தெரியும்? களம்தான் பாத்திரத்தை உருவாக்கும். கதை சொல்லுற முறையையும் அதுதான் தீர்மானிக்கும். இருக்கிற இடத்தை எழுதும்" என்று திருவாய் மலர்ந்தீர்கள். அந்தப் பேருதவிக்கு நன்றி சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அடுத்த நாளே பூங்கொடி எங்கடை ஏழாம் மாடிக்குக் குடிவந்திட்டாள். லிஃப்ட் பழுது, அதாலை படியேறுறாள், ஏற ஏற வசனமும் கட்டையாகுது, நாலாம் மாடியிலை வசனத்துக்கு ஒரு சொல்தான். "இது மூச்சிரைக்கிற நடை" எண்டார். பிறகு லா சப்பலுக்கு வேலைக்குப் போற றெயினுக்குள்ளை நிண்டுகொண்டு போனிலை எழுதினார். சனம் நெரிச்சதிலை அந்த அத்தியாயத்திலை ஒருத்தருக்கும் முகமில்லை, எல்லாருக்கும் முழங்கை மட்டும்தான், ஆர் கதைக்கிறது எண்டே விளங்காது. அதுவும் உத்தியாம். றெஸ்ரோறண்டிலை வெங்காயம் வெட்டிக்கொண்டு யோசிச்ச அத்தியாயத்திலை எல்லாரும் அழுகினம், காரணம் கிடையாது.

இதெல்லாம் பொறுத்தன் அண்ணை. குளிர் வந்ததும் மனிசன் கொம்பியூட்டரோடை என்ரை குசினி மேசைக்கு வந்திட்டார். கொஞ்ச நாளிலை வாயில்லாப் பூங்கொடிக்கு வாய் வந்திட்டுது. மீன் கழுவிக்கொண்டே புருசனைப் பேசுறாள், சட்டி மூடியை எறியுறாள், வாய்க்குக் கீழை நாடியிலை என்ரை மாதிரியே மச்சம் வேறை. "இது ஆர்?" எண்டு கேட்டன். "களம் செய்த வேலை, சிசிலியா. நான் பொறுப்பில்லை. வேணுமெண்டால் உம்மடை அண்ணையைக் கேளும்" எண்டார்.

அதோடை விட்டாரோ? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய, லா சப்பலிலை இலக்கியக் கூட்டமெண்டு கூட்டிக்கொண்டு போய் அந்த அத்தியாயத்தை வாசிக்கிறார். சனம் என்ரை நாடியைப் பாக்குது. எங்கடை பக்கத்து வீட்டு ரோசாலி அக்கா எழும்பி, "நல்ல யதார்த்தம். சிசிலியா, அந்த மூடி ஆரிலையாவது பட்டதோ?" எண்டா. "இன்னும் இல்லை" எண்டன். கைதட்டினாங்கள், அண்ணை!

வீட்டை வந்து மேசையைத் தூக்கிப் பல்கனியிலை போட்டன். "இனி இதுதான் உங்கடை களம்." மனிசன் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு எழுதினார். வாசிச்சுப் பாத்தால் பூங்கொடி சளி பிடிச்சு, நெஞ்சடைச்சுச் செத்துப்போனாள். சாவு அரைப் பக்கம். அதுக்குப் பிறகு புருசன் சூடான கோப்பி குடிக்கிறது ரெண்டு பக்கம். அவளை எனக்குக் கண்ணிலையும் காட்டேலாது, ஆனால் இருந்து அழுதிட்டன். இவர் கண்ணாடிக் கதவுக்கு அங்காலை நிண்டு, "இஞ்சை சரியான குளிர், சிசிலியா. அவள் வேறையென்ன செய்வாள்?" எண்டார். உதடு நீலம் பாரிச்சிருந்தது. உள்ளுக்கு விட்டு, கோப்பி போட்டுக் குடுத்தன். பின்னேரமே பூங்கொடி எழும்பியிட்டாள். செத்தது கனவாம். எழும்பினவள் முதலிலை தேடுறது மூடியை.

ஆகவே தங்களைப் பணிவாகக் கேட்பது ஒன்றே. களம் என்று ஓதிய அதே வாயால், நாவல் எழுதுவது உடம்புக்கு ஆகாது என்று சொல்லி அவரை நிறுத்திவிடுங்கள். மடு மாதா உங்களைப் பனியிலிருந்தும், எங்களை உங்கள் ஆலோசனையிலிருந்தும் காப்பாராக. மச்சாளுக்கு என் அன்பு.

தங்கை,
சிசிலியா

பி.கு.: மேலை கேட்டதை மறந்திடுங்கோ, அவருக்கு ஒண்டும் சொல்லிப்போடாதேங்கோ. கடிதத்தை ஒட்ட முந்தி, திறந்து கிடந்த கொம்பியூட்டரிலை புது அத்தியாயத்தைப் பாத்தன். பூங்கொடி கார் து நோர் றெயில் ஸ்ரேசனிலை பெட்டியோடை தனிய நிக்கிறாள். வாயே திறக்கேல்லை. எந்த றெயினிலை ஏறுவாள் எண்டு தெரியாமல் இவர் அரைவாசியிலை விட்டிட்டு வேலைக்குப் போயிட்டார். அவள் எதிலை ஏறுவாள் எண்டு எனக்குத் தெரியும். இருந்து நாலு பக்கம் அடிச்சு விட்டன். வந்து வாசிச்சவர், "நித்திரைத் தூக்கத்திலை எழுதியிருக்கிறன் போலை. சிசிலியா, இப்பதான் எனக்குக் கை வந்திருக்கு" எண்டு குதிக்கிறார். ஓம் எண்டு சொல்லிப்போட்டன். பாவம், அவர் எழுதினதெண்டே இருக்கட்டும்.