மெஹர் சாகிப் துக்கம் விசாரித்த வரலாறு

இந்தக் கதையைப் பல வருடங்களாக நான் நம்பவில்லை. இப்போதும் முழுக்க நம்புகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. காரணம், இதை எனக்குச் சொன்னவர் தொண்ணூற்று நாலாம் சக் கிராமத்து அல்லா வசாயா. அரசாங்கப் பதிவேட்டின்படி, இதைச் சொல்வதற்கு மூன்று வருடம் முன்பே அவர் காலமாகிவிட்டார். பதிவேட்டை நம்புவதா, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மனிதரை நம்புவதா? படித்தவன் என்பதால் நான் பதிவேட்டின் பக்கமே சாய்ந்திருந்தேன்.

மாண்புமிகு மெஹர் இம்தாத் சியால் அவர்களின் பொதுவாழ்வு எங்கள் ஜில்லாவே அறிந்தது. நான்கு கட்சிகளில் இருந்திருக்கிறார். கட்சி மாறியபோதெல்லாம் கொள்கை மாறியது. துக்கம் விசாரிப்பது மட்டும் மாறவில்லை. மாகாண சட்டசபையில் ஐந்து வருடத்தில் அவர் எழுந்து நின்றது இரண்டே முறை. இரண்டு முறையும் மின்விசிறிக்கு அடியில் இடம் மாறி உட்காருவதற்காக. ஆனால் தொகுதியில் எந்த வீட்டில் மௌத்து விழுந்தாலும் சாயங்காலத்துக்குள் அவருடைய வெள்ளை வண்டி வந்துவிடும். பாயில் உட்காருவார், இரண்டு கையையும் ஏந்தி இறந்தவருக்காக துவா கேட்பார், முகத்தைத் தடவிக்கொள்வார், கிளம்புவார். மொத்தம் நான்கு நிமிடம். சாலை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று எதையும் கொண்டுவராதவரை ஜனங்கள் ஏன் ஜெயிக்க வைத்தார்கள் என்று கேட்டால் ஒரே பதில்தான்: "எங்க அத்தா மௌத்தானப்ப வந்தாருப்பா."

ஒரு ஜூன் மாதம் அல்லா வசாயா வீட்டு வாசலில் ஏழெட்டுப் பேர் பாய் விரித்து, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். யாரும் சாகவில்லை. கால்வாய்த் தண்ணீரில் அல்லா வசாயாவின் முறை செவ்வாய்க்கிழமை காலை ஐம்பது நிமிடம். பதினோரு வாரமாக அந்த ஐம்பது நிமிடத்தில் ஒரு சொட்டு வரவில்லை. மேல்மடைக்காரர்கள் குழாய் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். பருத்தி வாடிக்கொண்டிருந்தது. இன்னும் பத்து நாள்; அதற்குமேல் தண்ணீர் வந்தாலும் செடி அடுப்புக்குத்தான் ஆகும். என்ன செய்வதென்று பேசக் கூடியவர்கள், பேச ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த வழியாகப் போன வெள்ளை வண்டி நின்றது. பாய், தொங்கிய தலைகள், பேச்சில்லாத கூட்டம். மெஹர் சாகிபின் முப்பது வருட அனுபவம் ஒரு நொடியில் முடிவுக்கு வந்தது. இறங்கினார், உட்கார்ந்தார், கை ஏந்தினார். ஒருவர் துவாவுக்குக் கை ஏந்தும்போது மற்றவர்கள் சும்மா இருக்க முடியுமா? எல்லோரும் ஏந்தினார்கள். அல்லா வசாயாவும் ஏந்தினார்.

"அல்லாவோட நாட்டம், பெரியவரே. பொறுமையா இருங்க" என்று அவரையே கட்டிப்பிடித்தார் மெஹர் சாகிப்.

காரியதரிசி ரியாஸ் நோட்டைத் திறந்து மெதுவாகக் கேட்டான்: "யாரு வீடு?"

"அல்லா வசாயா வீடுங்க."

ரியாஸ் எழுதிக்கொண்டான்.

மறுநாள் பத்திரிகையில் படத்தோடு செய்தி: 'அல்லா வசாயா மறைவு: மெஹர் இம்தாத் சியால் நேரில் ஆறுதல்.' படத்தில் ஆறுதல் பெற்றுக்கொண்டிருந்தவர் மறைந்தவரேதான்.

அவர் பிறப்பு இறப்பு பதியும் யூனியன் கவுன்சில் செயலாளரிடம் ஓடினார்.

"ஐயா, நான் சாகலை."

"பேப்பர்ல வந்திருக்கே, சாச்சா."

"உங்க முன்னாடி நிக்கிறேனே!"

"நிக்கிறது உங்க சொந்த விஷயம். மெஹர் சாகிப் துவா கேட்டிருக்கார். நீங்க உயிரோட இருக்கீங்கன்னு நான் எழுதினா, மக்கள் பிரதிநிதி ஆளே சாகாம துவா கேட்டார்னு ஆகிடும். அது சட்டசபை உரிமை மீறல். எனக்குப் பிள்ளைகுட்டி இருக்கு."

"அப்ப நான் என்னதான் செய்ய?"

"மரணச் சான்றிதழ் ரெடியா இருக்கு, வாங்கிட்டுப் போங்க. வாங்குறவர் கையெழுத்து இங்க."

அல்லா வசாயா கையெழுத்துப் போட்டார்.

பதினோரு மனுக்களுக்கு அசையாத கால்வாய் அலுவலகம் அன்று மாலையே அசைந்தது. 'முறைதாரர் காலமாகிவிட்டபடியால்' அவருடைய செவ்வாய்க்கிழமை ரத்து செய்யப்பட்டது. வராத தண்ணீர்தான், இப்போது அது வராமலிருக்கும் உரிமையும் போயிற்று.

விடிந்ததும், மெஹர் சாகிப் ஜனங்களைச் சந்திக்கும் டேராவுக்குப் போனார்.

"உங்களைப் பார்த்த மாதிரி இருக்கே. இறந்தவருக்குத் தம்பியா?"

"இறந்தவரே நான்தான், சாகிப்."

மெஹர் சாகிப் ரியாஸைப் பார்த்தார். ரியாஸ் நோட்டைப் பார்த்தான்.

"நோட்ல சரியாத்தான் இருக்கு, சாகிப்."

"சரி, உங்களுக்கு என்ன குறை?"

"உயிர் வேணும், சாகிப். தண்ணியும் வேணும்."

"ரெண்டையும் கேட்டா எப்படி, பெரியவரே? உயிரோட இருக்கிறவங்க வரிசை அதோ, கேட்டைத் தாண்டி நிக்குது. ரம்ஜானுக்கு முன்னாடி வந்தவங்க இன்னும் அதுலதான் இருக்காங்க. துக்க வீட்டுக்காரங்க இந்தப் பக்கம். எந்தப் பக்கம்னு யோசிச்சுச் சொல்லுங்க."

அல்லா வசாயா பருத்தியை நினைத்தார். இந்தப் பக்கம் வந்து நின்றார்.

மெஹர் சாகிப் போனை எடுத்தார். "நான் துவா கேட்ட வீடு அது. அங்க தண்ணி வரலைன்னா என் துவாவுக்கு என்ன மரியாதை?"

செவ்வாய்க்கிழமை தண்ணீர் வந்தது, போலீஸ் காவலோடு, ஐம்பது நிமிடத்துக்கு எண்பது நிமிடமாக. காலமானவர் தாமே மண்வெட்டியோடு நின்று மடை திறந்தார்.

அந்த வாரமே ஊரில் மூன்று வீடுகளில் பாய் விரித்தார்கள். ஒருவருக்கு மின்கம்பம் வேண்டும், ஒருவருக்குப் பட்டா மாற வேண்டும், மூன்றாமவர் அண்ணன் செத்துப்போய்விட்டானே என்ற பொறாமையில் செத்தவர். "ஏன் சாச்சா, இன்னும் உயிரோடவா இருக்கே? பிழைக்கத் தெரியாத ஆளா இருக்கியே!" என்று இன்னும் சாகாதவர்களை டீக்கடையில் கிண்டல் செய்தார்கள். மெஹர் சாகிப் சளைக்கவில்லை. எல்லா வீட்டுக்கும் வந்தார். செத்தவர்களே தட்டில் பிஸ்கட் அடுக்கி உபசரித்தார்கள். வருடம் முடிவதற்குள் சுற்றுவட்டாரத்தில் இருநூற்றுப் பதினேழு பேர் இயற்கை எய்தி, சௌகரியமாக இருந்தார்கள்.

மாகாணத் தலைநகர் லாகூரில் புள்ளிவிவரம் பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். மாகாணம் முழுக்க ஏறிக்கொண்டே போன ஜனத்தொகை ஒரே ஒரு தொகுதியில் மட்டும் இறங்கியிருந்தது. மெஹர் சாகிபை மக்கள்தொகை நலத்துறை அமைச்சராக்கினார்கள். அடுத்த தேர்தலில் அவருக்கு இரண்டு மடங்கு வாக்கு. இருநூற்றுப் பதினேழு பேரும் விடிகாலையிலேயே சவரம் செய்துகொண்டு வரிசையில் நின்றார்களாம்.

போன மாதம் பஸ் நிலையத்தில் அல்லா வசாயாவைப் பார்த்தேன். காலமாகி இத்தனை வருடம் ஆகியும் நல்ல ஆரோக்கியம். பருத்தி இந்த வருடமும் அமோகம் என்றார். என் மகளுடைய டீச்சர் வேலை உத்தரவு ஆறு வருடமாகக் கல்வி அலுவலகத்தில் ஒரு மேஜையில் கிடக்கிறது. நான் போகாத நாள் இல்லை. போனால், உட்காரச் சொல்லக்கூட ஆள் இல்லை. இதை அவரிடம் சொல்லவில்லை. பஸ் கிளம்பும் நேரம், யாரும் கவனிக்கிறார்களா என்று ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, ஜன்னலருகே போய்க் கேட்டேன்:

"சாச்சா, எந்தக் கிழமை பாய் விரிச்சா அவர் வருவார்?"