பூனைக்கும் விரதம்

காவடிக்குக் காப்புக் கட்டிய மூன்றாம் நாள் காலையில், சின்னண்ணன் வீட்டுப் பூனை ஓர் எலியைக் கவ்விக்கொண்டு வந்து, முருகன் படத்துக்கு நேர் கீழே உட்கார்ந்து, அவசரமே இல்லாமல் தின்றது.

சின்னண்ணன் ஓடிப்போய் வாசல் கதவைச் சாத்தினான்.

பிரமாதி வருஷம் பங்குனி உத்திரத்துக்கு எருமப்பட்டிப் பக்கத்திலிருந்து பழனிக்கு நடக்கிற கூட்டத்தில், முதல் காவடி இந்தத் தடவை அவனுக்கு. பதினோரு வருஷமாகப் பெரியப்பா மகன் காளியண்ணனின் முதுகைப் பார்த்துக்கொண்டே பழனி வரை நடந்தவன் அவன். அந்த முதுகில் எத்தனை மச்சம் என்று கேட்டால்கூடச் சொல்வான். கோயில் பண்டாரம் இப்போதுதான் மனசு வைத்திருக்கிறார். ஒரே நிபந்தனை, புறப்படும் வரை பன்னிரண்டு நாளும் வீட்டில் கறி, மீன் என்று எந்தக் கவிச்சியும் புழங்கக் கூடாது. புழங்கினால் காவடி மறுபடியும் காளியண்ணன் தோளுக்குப் போய்விடும்.

"இது காளியண்ணன் காதுக்குப் போச்சுன்னா தீந்துது புள்ள," என்றான் மனைவி வள்ளியாத்தாளிடம்.

"ஏனுங்க, காப்பு உங்க கையிலதான கட்டியிருக்குது? பூனை கையிலயா கட்டியிருக்குது?"

"ஊடு ஒண்ணுதான? யாரு தின்னாலும் கவிச்சி கவிச்சிதான்."

அன்று முதல் பூனைக்கும் விரதம்.

முதலில் பால்சோறு வைத்தான். பூனை பால்சோற்றையும் தின்றுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு எலிக்கும் போனது. பிடித்துக் கயிற்றில் கட்டினான். கட்டிப் போட்ட பூனையைக் கண்டதும் எலிகளுக்குத் துணிச்சல் வந்து, இரண்டே நாளில் காவடி மயிலிறகில் பாதியைக் கடித்துப் போட்டன. வேறு வழியில்லாமல் கயிற்றை அவிழ்த்தான். பூனை எலியை விரட்ட வேண்டும், ஆனால் தின்னக் கூடாது. இப்படி ஒரு பூனைக்கு அவன் எங்கே போவான்?

"வவுறு நெறைஞ்சிருந்தா வெரட்டும், திங்காது," என்று கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தான். கொல்லிமலை வாழைத்தார் ஒன்று வந்து இறங்கியது. கூடவே பப்பாளியும் பலாப்பழமும்.

"பூனைக்குப் பழம் ஆகுமுங்களா?" என்றாள் வள்ளியாத்தாள். "செத்துக்கித்துப் போச்சுன்னா அந்தப் பாவம் நம்மளச் சும்மா உடாதுங்க."

"ஒவ்வொண்ணும் நான் தின்னு பாத்துட்டுத்தான் குடுப்பேன். எனக்கு ஆனா அதுக்கும் ஆகும்."

சொன்னபடியே செய்தான். ஒரு வாய் தான் தின்று, அரை நாழிகை தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று உறுதி செய்துகொண்டு, பிறகு பூனைக்கு ஊட்டுவான். பூனை வாழைப்பழத்தைத் துப்பியது. பப்பாளியைத் துப்பி அவனையும் பிறாண்டியது. பலாச்சுளையை எப்படியோ விழுங்கவைத்தான். அதோடு பூனைக்கு வயிறு கழன்றுவிட்டது. மூலைக்கு மூலை மெழுகி வள்ளியாத்தாளுக்கு இடுப்பு ஒடிந்தது. ஒன்பதாம் நாள் பூனை தலையைக்கூடத் தூக்கவில்லை.

சின்னண்ணனுக்கு அழுகையே வந்துவிட்டது. கம்பவுண்டர் கைலாசத்திடம் ஓடினான். நாமக்கல்லில் வேலை பார்த்து ஓய்ந்து ஊரோடு வந்துவிட்டவர், மனிதருக்கும் மாட்டுக்கும் ஒரே அலமாரியிலிருந்து மருந்து கொடுப்பவர்.

"பலாப்பழத்தப் போட்டா பூனை எப்படிங்க தாங்கும்?" என்று முறைத்துவிட்டு, ஒரு சீமைப் புட்டியை எடுத்துக் கொடுத்தார். "வேளைக்கு ஒரு கரண்டி. எந்திரிச்சு நடக்கும், போங்க."

வெள்ளை வெளேரென்று, தித்திப்பாக, ஒரு மாதிரி வாடையோடு இருந்தது மருந்து. சீமையிலிருந்து வருவது வாடை இல்லாமலா இருக்கும் என்று சின்னண்ணன் சமாதானம் செய்துகொண்டான். வாழைப்பழத்தில் பிசைந்து, முதல் கரண்டியைத் தான் தின்று பார்த்துவிட்டுப் பூனைக்கு வைத்தான். பூனை பாய்ந்து தின்றது. தட்டையும் நக்கியது. மறுநாள் எழுந்து நடந்தது. அதற்கும் மறுநாள் வாழைத்தாரைப் பார்த்துக் கத்தியது. எலி குறுக்கே போனால் ஒப்புக்கு இரண்டடி விரட்டிவிட்டுத் தட்டுக்குத் திரும்பிவிடும். சின்னண்ணன் முகத்திலும் ஒரு மினுமினுப்பு வந்திருந்தது.

புறப்படும் நாள் வந்தது. கோயில் வாசலில் ஊரே கூடி நிற்க, மேளத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, பண்டாரம் முறைப்படி கேட்டார்.

"கவிச்சி புழங்காம இருந்தீங்களா சாமி?"

"என்னைய உடுங்க சாமி. எங்க ஊட்டுப் பூனையே பழந்தான் திங்குதுங்க."

"பூனை பழந் திங்குதா? கோயில் வாசல்ல நின்னு பொய் பேசாத தம்பி," என்றான் காளியண்ணன்.

"பொய் இல்லீங்கண்ணா. கம்பவுண்டர் குடுத்த மருந்தப் பழத்துல பெசஞ்சு வெச்சா தட்டையே நக்குதுங்க. அதுவும் நான் ஒரு கரண்டி தின்னு பாத்துட்டுத்தான் அதுக்கு வெப்பேன். மூணு நாளா ஒரு வேளை தவறலீங்க."

வாயில்லா ஜீவனுக்கும் விரதம் பழக்கியவன் என்று யாரோ கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பண்டாரத்துக்குக் கண் கலங்கியது. இரண்டு கையாலும் காவடியைத் தூக்கிச் சின்னண்ணன் தோளுக்குக் கொண்டுபோனார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு கைலாசம் முன்னால் வந்தார்.

"ஏனுங்க, நீங்களுமா அதத் தின்னீங்க? அது மீன் ஈரல்ல எடுத்த மருந்துங்களே."