பதக்க மாஸ்டரின் பச்சைப் புள்ளி

வீடியோ கேமை இவ்வளவு வெறுத்துக்கொண்டே இவ்வளவு நேரம் விளையாடிய மனிதர் இந்த உலகத்தில் வேறு யாரும் இருக்க முடியாது. சத்தியம் செய்யச் சொன்னால் செய்வேன். எங்கள் பாடசாலையில் கணிதம் கற்பித்த அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் வரவுப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. தலவாக்கலை பஸ் நிலையத்துக் கடலை வியாபாரி முதல் அதிபர் வரை எல்லாருக்கும் அவர் பதக்க மாஸ்டர்.

கேம் தெரியாதவர்களுக்காக ஒரு விளக்கம். எனக்கும் தெரியாது, மாஸ்டர் சொல்லித்தான் தெரியும். இப்போதைய கேம்களில் ஆட்டம் ஒரு பக்கம் நடக்க, பதக்கம் சேர்ப்பது இன்னொரு பக்கம் நடக்கிறது. நூறு பூப் பறித்தால் ஒரு பதக்கம். ஆற்றை ஒரே மூச்சில் நீந்தினால் ஒரு பதக்கம். திரையின் மூலையில் 'டிங்' என்ற சத்தத்தோடு ஒரு சின்ன வெண்கலப் படம் எழும்பி, இரண்டு விநாடியில் மறைந்துவிடும். அந்த 'டிங்'குக்காக மாஸ்டர் எதையும் செய்வார்.

அவர் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். பஜாரில் ஒரு மளிகைக் கடையின் மேல்மாடி அறையில் தனியாக இருந்தார். வெள்ளிக்கிழமை மணி அடித்ததும் மற்ற வடபகுதி ஆசிரியர்கள் பையோடு ஓடுவார்கள். இவர் மட்டும் நிதானமாக வெண்கட்டித் தூளைத் தட்டிக்கொண்டிருப்பார். "நீங்க ஊருக்குப் போகலயா மாஸ்டர்?" என்று ஒரு தடவை கேட்டேன். "அங்கை எனக்கு ஆர் இருக்கினம் டீச்சர்?" என்று சிரித்தார். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

ஒரு நாள் பரீட்சைத்தாள் வாங்க அவருடைய அறைக்குப் போனேன். கதவு திறந்திருந்தது, மாஸ்டர் இல்லை. மேசையில் மடிக்கணினி. அதன் ஒரு விசையின் மேல் வெற்று ஜாம் போத்தல் ஒன்று உட்கார்ந்திருந்தது. திரையில் வாளும் கேடயமும் ஏந்திய ஒரு வீரன் கோட்டைச் சுவரில் முட்டிக்கொண்டு நடந்தான், நடந்தான், நடந்துகொண்டே இருந்தான். தேநீர் கொண்டுவந்த கடை முதலாளியின் மனைவிக்கு மனசு கேட்கவில்லை.

"காலையிலேருந்து இப்படித்தாங்க டீச்சர் முட்டிக்கிட்டு இருக்காரு, பாவம். மாஸ்டரு சலூனுக்குப் போயிட்டாரு. இவரையாச்சும் கொஞ்சம் உக்காரச் சொல்லக் கூடாதா?"

தலைமுடி வெட்டிக்கொண்டு திரும்பிய மாஸ்டர் எங்கள் இருவரையும் பார்த்து வெட்கப்படவே இல்லை. "ஆயிரம் மைல் நடந்தால் ஒரு பதக்கம் டீச்சர். எங்கை நடக்கோணும் எண்டு அவங்கள் சொல்லேல்லை."

இன்னொரு நாள் ஆசிரியர் அறையில் களைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். என்ன என்று கேட்டதற்கு, "நேற்று மட்டும் நாப்பது தரம் செத்தனான் டீச்சர். இடுப்பு விட்டுப்போச்சு" என்றார். அன்றுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த சங்கீத ஆசிரியை தன் நாற்காலியை மெதுவாக அடுத்த மேசைக்கு நகர்த்திக்கொண்டார். நூறு தடவை மலையிலிருந்து விழுந்து செத்தால் அதற்கும் ஒரு பதக்கம் உண்டாம்.

கேமில் உள்ள நாய்களையெல்லாம் தடவிக்கொடுத்து அவர் வாங்கிய பதக்கமும் இருந்தது. நிஜத்தில் நாய் என்றால் மாஸ்டருக்கு உயிர் போய்விடும். என் வீடு தோட்டத்துப் பாதையில், தொழிலாளர்களின் லய வீடுகளைத் தாண்டி இருக்கிறது. அந்த லயத்து நாய்களுக்குப் பயந்து, எத்தனையோ தடவை கூப்பிட்டும் ஒரு தேநீருக்குக்கூட அவர் என் வீட்டுப் பக்கம் வந்ததில்லை.

பதக்கத்தின் மகிமையை அவர் தன்னோடு வைத்துக்கொண்டிருந்தால் பரவாயில்லை. ஆறாம் வகுப்புக்கும் கொண்டுவந்தார். ஆசிரியர் அறைத் தேயிலைப் பைக்கற்றுகளின் உட்புற வெள்ளித்தாளை வட்டமாக வெட்டி, அட்டையில் ஒட்டி, காலையில் வகுப்பறையைக் கூட்டுகிற பிள்ளைக்கு ஒரு பதக்கம் என்று அறிவித்தார். அதுவரை அந்தப் பிள்ளைகள் முறை வைத்து, கதை பேசி, துடைப்பத்தை மைக் ஆக்கிப் பாட்டுப் பாடிக் கூட்டிக்கொண்டிருந்தவர்கள். பதக்கம் வந்ததும் பாட்டு நின்றது. ஒரு நாளைக்கு மூன்று தரம் கூட்டினார்கள். கூட்டக் குப்பை போதாமல், முற்றத்திலிருந்து சைப்பிரஸ் மரச் சருகை மடியில் கட்டி வந்து வகுப்பில் கொட்டிக் கூட்டினார்கள். இரண்டு பேர் ஒரே குப்பைக்கு அடித்துக்கொண்டார்கள். பிறகு வெள்ளித்தாள் தீர்ந்தது. மறுநாளிலிருந்து துடைப்பத்தை ஒருவரும் தொடவில்லை.

"சும்மா எதுக்கு சேர் கூட்டணும்?" என்று ஒரு குட்டிப் பெண் அதிபரிடமே கேட்டாள்.

அதிபர் மாஸ்டரைக் கூப்பிட்டு, "நல்லா இருந்த புள்ளைங்க மாஸ்டர்" என்றார்.

அன்று மாலை மாஸ்டரே துடைப்பம் எடுத்து அந்த வகுப்பைக் கூட்டிக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்றேன். "எனக்கும் கேம் செய்தவங்கள் இதைத்தான் செய்து விட்டிருக்கிறாங்கள் டீச்சர்" என்றார், நிமிராமல். "முந்தி நான் கேமில ஒரு மலை ஏறினால், மேல நிண்டு சூரியன் விழுறதைப் பாத்துக்கொண்டிருப்பன். பசிக்கிறதும் தெரியாது. இப்ப ஏறினவுடன 'டிங்' கேக்குதோ எண்டுதான் காது நிக்குது. கேக்காட்டி, ஏன் ஏறினன் எண்டு எரிச்சலா வருது."

இத்தனையையும் நான் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் என் மகன் கவின்.

கணவர் போன பிறகு எனக்கு இருப்பது அவன் ஒருவன்தான். உயர்தரப் பரீட்சைக்கு மாஸ்டரிடம் கணிதம் படித்தான். கூடவே கேமும் படித்தான். பிறகு படிப்புக்காகக் கொழும்புக்குப் போய், வெள்ளவத்தையில் ஒரு அறையில் தனியாகத் தங்கினான். வீட்டில் கூரைத் தகரத்தில் மழை விழுகிற சத்தமும் நானும் மிஞ்சினோம். தொலைபேசியில் அவன் பேசுவது மூன்றே சொல். "சாப்டேம்மா. சரிம்மா. வைக்கிறேம்மா." இரண்டு தடவைக்கு மேல் அழைத்தால், "நான் என்ன காணாமப் போயிட்டேனா?" என்பான். ஆனால் என் மனம் நாள் முழுக்க அதைத்தான் நினைக்கும். பஸ் விபத்து என்று வானொலி சொன்னால் அந்த பஸ்ஸில் அவன் இருப்பான். கடல் கொந்தளிப்பு என்றால் அந்தக் கரையில் அவன் நிற்பான்.

கவினும் மாஸ்டரும் கேமில் நண்பர்கள். நண்பர் உள்ளே வந்தால் அவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி எரியும். அதில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. தினமும் ஒரு தடவையாவது உள்ளே வந்து போனால் உங்கள் சங்கிலியில் ஒரு வளையம் சேரும். ஒரு நாள் தவறினால் சங்கிலி அறுந்து, முதல் வளையத்திலிருந்து தொடங்க வேண்டும். ஒரு வருடம் அறாமல் போனால் தங்கப் பதக்கம். யார் முதலில் அறுப்பது என்று இருவரும் பந்தயம் கட்டி, ஒரே நாளில் தொடங்கியிருந்தார்கள்.

ஆகவே தினமும் காலை, ஆசிரியர் அறையில் நான் கேட்கும் முதல் கேள்வி: "மாஸ்டர், எங்க புள்ள?"

"வந்தவன் டீச்சர். ஒரு டிராகனையும் கொண்டுபோட்டுப் போட்டான். சுகமாத்தான் இருக்கிறான்."

பெற்ற பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்பதை டிராகன் செத்த செய்தியிலிருந்து தெரிந்துகொண்ட தாய் நானாகத்தான் இருப்பேன். அதைக் கேட்ட பிறகுதான் எனக்குத் தேநீர் இறங்கும்.

போன மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை காலை. வெளியே நாய்கள் குரைத்த குரைப்பில் ஏதோ சிறுத்தைதான் வந்துவிட்டது என்று ஜன்னலைத் திறந்தேன். மழைக்குள் பதக்க மாஸ்டர். குடையை விரிக்காமல் வாள் போல நீட்டிப் பிடித்துக்கொண்டு, பின்பக்கமாகவே நடந்து வந்துகொண்டிருந்தார். அவரைச் சுற்றி லயத்து நாய்கள் அத்தனையும். காற்சட்டையின் ஒரு கால் முழங்கால் வரை கிழிந்திருந்தது.

"டீச்சர், பொடியன் நேற்று வரேல்லை."

"எங்க வரல?"

"கேமுக்கு. சங்கிலி அறுந்திட்டுது. இண்டைக்கும் புள்ளியைக் காணேல்லை."

எனக்குச் சிரிப்பு வந்தது. முதல் நாள் நானும் அழைத்துப் பார்த்தேன், எடுக்கவில்லை. படிக்கிறான், தொந்தரவு செய்தால் கத்துவான் என்று விட்டுவிட்டேன். "இதுக்கா மாஸ்டர் இந்த மழையில வந்தீங்க? மறந்திருப்பான்."

"மறக்கமாட்டான் டீச்சர். பரீட்சையண்டைக்கும் வந்தவன். காதல் முறிஞ்சண்டைக்கும் வந்தவன்."

"காதலா?"

"அதைப் பிறகு கதைப்பம். ஃபோனை எடுங்கோ."

ஃபோன் அணைந்திருந்தது. அறையின் சொந்தக்கார அம்மாவை அழைத்தேன். "தம்பி ரெண்டு நாளா வெளியில வரல்ல, படிக்கிறார்னு நெனச்சேன்" என்றார். பிறகு, "கதவத் தட்டினேன், ஏதோ முனகுற மாதிரி இருக்குங்க, உள்ளுக்குப் பூட்டியிருக்கு" என்றார். கதவை உடைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னது மாஸ்டர்தான். என் கையிலிருந்து ஃபோனை வாங்கி, கரும்பலகை முன் நிற்கிற குரலில் ஒவ்வொன்றாகச் சொன்னார்.

அடுத்த பஸ்ஸில் ஏறினோம். கினிகத்தேனை மலைப்பாதை வளைவுகளில் எனக்கு என்ன நடந்தது என்று நினைவில்லை. மாஸ்டர் கிழிந்த காற்சட்டையைக் கைக்குட்டையால் கட்டிக்கொண்டு, ஜன்னலோரம் வாந்தி எடுத்தது மட்டும் நினைவிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் வாயைத் துடைத்துக்கொண்டு, "ஒண்டும் நடக்காது டீச்சர்" என்றார்.

டெங்கு. இரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கை எங்கேயோ இறங்கியிருந்தது. அந்த வார்டின் கிருமிநாசினி வாசனை இன்றைக்கும் சில வேளை என் சமையலறையில் அடிக்கிறது. அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன். மூன்று நாள் மாஸ்டர் ஆஸ்பத்திரி நடைபாதை வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தார். எனக்கு இடியப்பம் வாங்கி வந்தார். சிங்களத்தில் தாதியிடம் கேள்வி கேட்டு, பதிலை எனக்குத் தமிழில் சொன்னார். கெட்ட பதில்களைச் சொல்லவில்லை என்று பிறகு தெரிந்தது.

கவின் தெளிந்து கண் திறந்தபோது முதலில் என்னைப் பார்த்தான். பிறகு என் பின்னால் பார்த்தான்.

"மாஸ்டர்... நீங்க இங்கயா? அப்ப லெப்டொப்?"

"அறையில கிடக்குது."

"அப்ப சங்கிலி?"

"அறுந்திட்டுது."

ஒரு வருடம் முடிய ஒரு வாரம்கூட இல்லையாம். எனக்கு அப்போதுதான் தெரியும்.

"அப்ப யாரு மாஸ்டர் வின்?"

"சமன்" என்றார் மாஸ்டர். மகன் சிரித்தான். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்கு வெளியே போய் அழ வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது, "அந்தப் பதக்கம் போச்சேன்னு கவலையாடா?" என்று கேட்டேன். "எனக்கு அந்த கேம் எப்பவோ போரடிச்சிருச்சும்மா" என்றான் கவின். "நான் விட்டா மாஸ்டரும் விட்டுருவாரு. அவருக்கு அந்த லிஸ்ட்ல என்னைத் தவிர வேற யாரும் இல்லம்மா. அதுக்குத்தான் போனேன்."

மறுநாள் மாஸ்டரிடம் அதே கேள்வியைக் கேட்டேன். "எனக்கெண்டால் உந்தச் சனியனில முந்தியே வெறுப்பு" என்றார். "நான் வராட்டிப் பொடியன் வரமாட்டான். பிறகு விடிய நீங்கள் கேக்கேக்க நான் என்ன சொல்லுறது?"

இரண்டு பேருக்கும் பிடிக்காத ஒரு கேமை இரண்டு பேரும் ஒரு வருடமாக விளையாடியிருக்கிறார்கள். ஒருவர் சொன்னதை மற்றவரிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் விட்டுவிடுவார்களோ என்று பயம்.

இந்த வருடம் மாஸ்டருக்கு வடக்கே இடமாற்றம் வந்தது. பஸ் நிலையத்துக்கு ஆறாம் வகுப்பு முழுக்க வந்திருந்தது. கவின் கொழும்புக்குத் திரும்பும் முன் அவனுடைய பழைய மடிக்கணினியில் அந்தக் கேமைப் போட்டு, எனக்கும் ஒரு பெயர் வைத்துக் கொடுத்தான். என் வீராங்கனை முதல் மலையின் அடிவாரத்தில் நிற்கிறாள். அங்கேயும் மழை. அவளை எப்படி நடக்க வைப்பது என்று எனக்கு இன்னும் சரியாகத் தெரியாது. தினமும் பாடசாலை விட்டு வந்து, தேநீரோடு உட்கார்ந்து திறக்கிறேன். கவின் புள்ளி எரியும், மாஸ்டர் புள்ளி எரியும். யாரும் ஒன்றும் பேசுவதில்லை. தேநீர் முடிந்ததும் மூடிவிடுவேன்.

போன வாரம் ஒரு நாள் மாஸ்டர் புள்ளியைக் காணவில்லை. தேநீர் ஆறியது. அழைத்தேன்.

"கரண்ட் இல்லை டீச்சர், வேற ஒண்டும் இல்லை" என்றார். பிறகு, "நான் வரேல்லை எண்டு பாத்தனீங்களோ?" என்றார்.

"பார்த்தேன் மாஸ்டர்."

அந்தப் பக்கம் தீக்குச்சி உரசி விளக்கு ஏற்றுகிற சத்தம் கேட்டது.

"சரி டீச்சர்," என்றார், "நாளைக்கு வாறன்."