நார்வே கருவி கண்டுபிடித்த அந்தோணி

“புதன், காலை 10.20. நார்வே கருவி ஓடியது. அந்தோணி மூன்று இடங்களில் இருக்கிறார். ஐயமில்லை.”

என் குறிப்பேட்டில், ஆடி மாதத்துப் பக்கம் ஒன்றில் இப்படி இருக்கிறது. ‘ஐயமில்லை’ என்பதை மட்டும் சிவப்பு மையில் அடித்திருக்கிறேன். (அடித்தது: அடுத்த ஞாயிறு, காலை 9.05.)

பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மாதா கோவில் கிணற்றை வெட்டவைத்தவர், நார்வேயிலிருந்து வந்து இங்கே சில காலம் இருந்த ஒரு நர்ஸம்மா. வெட்டியவர் யார் என்பதில்தான் வழக்கு. தன் அப்பா அந்தோணி என்கிறார் எழுபத்தெட்டு வயது அருள்சாமி. இல்லை, என் தாத்தா என்கிறார் மளிகைக்கடை சூசை. கிணற்றடியில் கல்வெட்டு வைக்க முடிவானதும் பாதிரியார், “எழுத்துல இருந்தா கொண்டாங்க, பேரு போட்டுடலாம்” என்றுவிட்டார்.

அருள்சாமியின் மகள் ஸ்டெல்லா டீச்சர் என்னிடம் வந்தார். ஊர் வரலாறு எழுதப்போவதாகப் பத்து வருடமாகச் சொல்லித் திரிபவன் நான்தானே.

“சார், கண்ணு மூடறதுக்குள்ள அந்தக் கல்லுல எங்க தாத்தா பேரப் பாக்கணும்னு அப்பா தெனமும் சொல்றாருங்க.”

நர்ஸம்மாவின் உறவினர் ஒருவர் அவருடைய கடிதங்களைத் தட்டச்சு செய்து எனக்கு அனுப்பியிருந்தார். எல்லாம் நார்வேஜிய மொழி. அந்தோணி என்று தேடினேன், இல்லை. எழுத்துக்கூட்டல் வேறாக இருக்கும் என்று நினைத்தேன். அப்போதுதான், நார்வேஜிய உரையில் ஒவ்வொரு சொல்லுக்கும் இலக்கணக் குறி போடும் ஒரு கருவி இலவசமாகக் கிடைப்பதைப் படித்தேன். இது வினை, இது ஆள்பெயர் என்று பிரித்துவிடுமாம். ஆள்பெயர்களை மட்டும் வடிகட்டினால், அந்தோணி எந்த வேஷத்தில் இருந்தாலும் மாட்டுவார். (உறவினரிடமே கேட்டிருக்கலாம். ஆராய்ச்சியாளன் அவ்வளவு சுலபமான வழியில் போகலாமா?)

நிறுவுவதற்கே இரண்டு நாள். தனக்கு முன்னால் வேறு மூன்று மென்பொருள்கள் வந்து உட்கார வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் போல நிபந்தனை போட்டது. பிறகு, கோப்புறையே இல்லை என்றது. என் கண்ணெதிரே இருந்தது! நான் அதற்கு வைத்த பெயர் ‘ஆடி திங்கள் நல்ல நேரம் 9.30’. சொற்களுக்கு நடுவே இடைவெளி இருந்தால் அதற்கு ஆகாதாம்.

“ஏனுங்க, ரெண்டு நாளா அந்தப் பொட்டிகிட்ட இந்தக் கெஞ்சு கெஞ்சறீங்க. எங்கிட்ட ஒரு நாளாச்சும் கெஞ்சியிருப்பீங்களா?” என்றாள் என் மனைவி செல்வி.

அடுத்து, தமிழ் எழுத்தைக் கண்டதும் கருவி நின்றுவிட்டது. எந்தக் கோப்பைப் படித்தாலும் நடுநடுவே என் குறிப்புகளை நாள், நேரத்தோடு செருகிவைப்பது என் வழக்கம். அவற்றை நீக்கியிருக்கலாம். குறிப்பை அழிப்பதா? நானா? அத்தனையையும் உட்கார்ந்து ஆங்கில எழுத்தில் மாற்றித் தட்டினேன்.

கருவி ஓடியது. வரிக்கு ஒரு சொல்லாகக் கொட்டியது. பெயர்களை வடிகட்டினேன். அந்தோணி, மூன்று முறை! முதலில் தேடியபோது இல்லாதவர் எங்கிருந்து வந்தார் என்று யோசிக்கவில்லை. பட்டியலில் ஸ்டெல்லா என்றும் ஒரு பெயர் இருந்தது. நார்வேயில் அது சகஜமான பெயர் என்று விட்டுவிட்டேன்.

அன்று மாலையே அருள்சாமி வீட்டில் கோழி அடித்தார்கள். இரண்டு முறை போட்டுக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எழுந்து நின்று அறிவித்தேன். முதல் வரிசையில் அருள்சாமி, சலவை வேட்டியில். பாதிரியார் கடிதத்தின் அச்சுத்தாளை வாங்கி, பெயரை மட்டும் பார்த்து நான் கோடிட்ட இடத்தை எழுத்துக்கூட்டிச் சத்தமாக வாசித்தார்.

“அந்தோணி பேரு... எங்கயும் இல்ல. ஸ்டெல்லா டீச்சர்கிட்ட... கேக்கணும். வர்றப்ப... மோர் மொளகா... வாங்கணும்.”

நான் ஆங்கில எழுத்தில் மாற்றித் தட்டிய என் சொந்தக் குறிப்பேதான் அது! சூசைதான் ஆரம்பித்தார்.

“ஏன் சாமி, நர்ஸம்மா நம்ம கடையிலயா மோர் மொளகா வாங்குனாங்க?”

“அதுவும் பொறக்காத டீச்சர்கிட்ட கேட்டுட்டு!” என்றது பின்வரிசை. அதன் பிறகு பீடப்பையன்கள்கூட அடக்க முடியாமல் சிரித்தார்கள்.

அருள்சாமி மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து வந்து என் கையைப் பிடித்து, “வாங்க சார், வூட்டுக்குப் போலாம்” என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அன்றே நர்ஸம்மாவின் உறவினருக்கு எழுதினேன். இரண்டாம் நாள் பதில் வந்தது. கிணற்றைப் பற்றி ஒரே ஓர் இடம். ‘நீர் ஊறிய அன்று, பாறையை உடைத்தவர் முதல் செம்புத் தண்ணீரைத் தான் குடிக்காமல் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். அவருக்கு முந்தின நாள்தான் மகன் பிறந்திருந்தான்.’ பெயர் இல்லை.

படித்துக் காட்டினேன். அருள்சாமி இன்னொரு முறை படிக்கச் சொன்னார்.

“எனக்கு வாயில வச்ச மொதத் தண்ணி அந்தக் கெணத்துத் தண்ணின்னு எங்காத்தா சொல்லும் சார். கல்லுல பேரு வேணாம் போங்க. எனக்குத் தெரிஞ்சா போதும்.”

கல்லில் இப்போது அந்தக் கடித வாசகம் மட்டும் இருக்கிறது. அருள்சாமி காலையில் நடக்கப் போகும்போதெல்லாம் அதைத் தடவிவிட்டுப் போகிறார். அருள்சாமி வீட்டிலும் எங்கள் வீட்டிலும் யாராவது எதையாவது அடித்துச் சொன்னால், “மோர் மொளகா வாங்கியாச்சா?” என்று கேட்கிறார்கள். செல்வி ஒரு நாளைக்கு நாலு முறை கேட்கிறாள்.

ஒன்றைப் பதிவு செய்யாமல் விட என்னால் முடியாது. ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்தேன். அருள்சாமி பிறந்த அதே வாரத்தில் சூசையின் அப்பாவும் பிறந்திருக்கிறார். செம்பு எந்த வீட்டுக்குப் போனது என்பது இதுவரை உறுதியாகவில்லை.