மங்கி கேப்பும் எங்கள் வீட்டு ஜன்னலும்

பிளசன்டன், மில்பிடாஸ், சான் ஹோசே என்று கலிபோர்னியாவின் பே ஏரியாவில் அன்று குடியிருந்த அத்தனை தமிழர்களும் சேர்ந்து வாங்காத காற்றை ஒருத்தி தனியாக வாங்கியிருக்கிறாள். அவள்தான் ஜன்னல். எங்கள் குழந்தையைப் பார்த்துக்கொள்ள டென்மார்க்கிலிருந்து வந்த பத்தொன்பது வயதுப் பெண். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அதில் ஓர் எழுத்துக்குக் குறுக்கே ஒரு கோடு உண்டு. அந்தக் கோட்டை எப்படிச் சொல்வது என்று என் கணவர் ரமணன் ஒரு வாரம் முயன்றார். தொண்டை கட்டிக்கொண்டதுதான் மிச்சம். வந்த நாளிலிருந்தே வீட்டு ஜன்னல்களையெல்லாம் விரியத் திறந்துபோட்டதால் எங்களுக்குள் அவள் ஜன்னல் ஆகிவிட்டாள்.

அந்த ஊரில் குழந்தை பிறந்தால் நம்மவர்களுக்கு ஓர் ஏற்பாடு உண்டு. முதல் ஆறு மாதம் பெண்ணின் அம்மா, அடுத்த ஆறு மாதம் பையனின் அம்மா. ஷிப்ட் முறை. என் அம்மா தன் ஷிப்டை முடித்துக்கொண்டு ஊருக்குப் போனார். அடுத்த ஷிப்டுக்கு வரவேண்டிய மாமியாருக்கு விசா கிடைக்கவில்லை. எங்கள் மகள் மதுவுக்கு அப்போது ஏழு மாதம். எனக்கு மில்பிடாஸில் ப்ரோக்ராமர் வேலை. ரமணன் சான் ஹோசேயில் இரண்டாயிரம் பிறந்ததும் கம்ப்யூட்டர்களையெல்லாம் கவிழ்த்துவிடும் என்று பயந்த ஒய்-டூ-கே பூதத்தை விரட்டிக்கொண்டிருந்தார். க்ரீன் கார்டுக்கு என் கம்பெனிதான் மனு போட்டிருந்தது. என் வேலை போனால் குடும்பத்தோடு பெட்டி கட்ட வேண்டியதுதான்.

வேலை போகும் போலத்தான் இருந்தது. மது தூங்க மாட்டாள். பகலில் இருபது நிமிடம், இரவில் இரண்டு மணி நேரம், அவ்வளவுதான். நான் மீட்டிங்கில் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கக் கற்றிருந்தேன். மேனேஜர் இரண்டு முறை, வீட்டில் எல்லாம் நலமா என்று கேட்டுவிட்டார். அந்த ஊரில் மூன்றாவது முறை கதவைச் சாத்திவிட்டுத்தான் கேட்பார்கள்.

அப்போதுதான் யாரோ ஓபேர் என்ற ஏற்பாட்டைச் சொன்னார்கள். வெளிநாட்டிலிருந்து ஓர் இளம்பெண் ஒரு வருட விசாவில் வருவாள், நம் வீட்டிலேயே தங்கிக் குழந்தையைப் பார்த்துக்கொள்வாள். ஏற்பாடு செய்த நிறுவனம் கொடுத்த புத்தகத்தில், அவளை வேலைக்காரியாக நடத்தக்கூடாது என்று எழுதியிருந்தது. அதைப் படித்துவிட்டு நாங்கள் செய்த தவறு, அவளை விருந்தாளியாக நடத்தியது. வீட்டுக்கு வந்த விருந்தாளி வேலை செய்ய, நாம் உட்கார்ந்திருப்பதா? நான் ஐந்து மணிக்கு எழுந்து அவளுக்கு இட்லி ஊற்றினேன். அவள் தட்டைக் கழுவினேன். அவள் படுக்கையைக்கூட ஒருநாள் தட்டிப் போட்டேன். ஒரு குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கப்போய், வீட்டில் இரண்டு குழந்தைகள் ஆயின.

விருந்தாளியாவது அதற்கு ஒத்துழைக்க வேண்டாமா? இன்னொரு இட்லி போட்டுக்கொள் என்று நான் மூன்றாவது தடவை உபசரித்தபோது, கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னை உற்றுப் பார்த்தாள்.

"மூன்று முறை கேட்டீர்கள். மூன்று முறையும் வேண்டாம் என்றேன். உங்களுக்குக் காது நன்றாகக் கேட்கிறதா?"

மாலை ஐந்தரைக்கு அவள் வேலை முடியும். ஐந்தரை என்றால் ஐந்தரை. நான் செருப்பைக் கழற்றுவதற்குள் மது என் கையில் இருப்பாள். ஆளுக்கொரு பதார்த்தம் சமைத்துக் கொண்டுபோகும் பாட்லக் விருந்து ஒன்றுக்கு அவளை அழைத்துப்போனேன். அந்த வீட்டு ஆன்ட்டி புதுப் பட்டுப்புடவையைக் காட்டி, எப்படியிருக்கிறது என்று அவளிடமே கேட்டார். "இந்த நிறத்தில் நோயாளி மாதிரி தெரிகிறீர்கள்" என்றாள். இரண்டு மாதத்துக்கு எங்களை யாரும் எதற்கும் கூப்பிடவில்லை. அவளால் எனக்குக் கிடைத்த முதல் ஓய்வு அது.

டிசம்பர் வந்தது. ஹீட்டர் போட்டதும் அவள் ஜன்னலைத் திறப்பாள். ரமணன் பின்னாலேயே போய்ச் சாத்துவார்.

"ஹீட்டரும் ஓடுது, ஜன்னலும் தொறந்திருக்கு. நாம பிளசன்டன் பூராவுக்கும் சூடேத்திட்டிருக்கோம். நீ கொஞ்சம் சொல்லக்கூடாதா?"

"நீங்க சொல்லுங்களேன். பேரைக் கூப்பிட்டு ஆரம்பிங்க, பாக்கலாம்."

அவரால் முடியாது. ஆகவே நான் எழுதினேன். அவளை அனுப்பிய நிறுவனத்தின் ஏற்பாட்டாளர் அம்மாளுக்கு நாலு பக்கம், நுணுக்கி நுணுக்கி. ஜன்னல், காது, புடவை, ஐந்தரை மணி, ஒன்றையும் விடவில்லை. ஃபேக்ஸில் அனுப்பியபிறகு மனசு லேசாக இருந்தது.

அடுத்த வாரம் ஆபீஸில் கரன்ட் போய் மத்தியானமே வீட்டுக்கு வந்தேன். வாசல் மரத்தடியில் மதுவின் தள்ளுவண்டி நின்றது. உள்ளே மது. அந்தக் குளிரில், வெளியில், தனியாக! நான் போட்ட கூச்சல் தெருமுனைவரை கேட்டிருக்கும். நாலடி தள்ளியிருந்த ஜன்னலில் ஸ்வெட்டர் பின்னியபடி உட்கார்ந்திருந்தவள் உதட்டில் விரலை வைத்தாள்.

"எங்கள் ஊரில் குழந்தைகள் பகலில் வெளியில்தான் தூங்கும். பனி பெய்தாலும். என் அம்மா என்னையும் அப்படித்தான் தூங்கவைத்தாள்."

"எவ்வளவு நேரமாத் தூங்கறா?"

"ஒரு மணி ஐம்பது நிமிடம்."

திட்டுவதற்கு வாய்வரை வந்திருந்த சொற்கள் அந்த ஐம்பது நிமிடத்தில் கரைந்துபோயின. பிறந்ததிலிருந்து மது ஒருநாளும் அப்படித் தூங்கியதில்லை. உள்ளே போய் மங்கி கேப்பை எடுத்துவந்து மதுவின் தலையில் மாட்டினேன். என்னால் முடிந்த தாய்மை அதுதான். பிறகு வாசல்படியில் உட்கார்ந்தேன். விழித்தபோது என்மேல் ஒரு கம்பளி கிடந்தது. மது இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"இதோ பாரு, நான் இதைப் பாக்கல. எனக்கு எதுவும் தெரியாது. சரியா?" என்றேன்.

"சரி. உங்களுக்குத் தெரியாது" என்று அவள் பாடம்போலத் திருப்பிச் சொன்னாள்.

அதன்பின் மூன்று வாரம் மது தினமும் மரத்தடியில் தூங்கினாள். பகலில் தூங்கியவள் இரவிலும் தூங்கத் தொடங்கினாள். நானும் தூங்கினேன். மேனேஜர் நலம் விசாரிப்பதை நிறுத்தினார். ரமணனிடம் நான் மூச்சுவிடவில்லை.

நாலாவது வாரம் ஆபீசுக்கு போன் வந்தது. வீட்டில் போலீஸ். தெருவில் போன யாரோ, வாசலில் குழந்தை அனாதையாகக் கிடக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். 680 ஃப்ரீவேயில் நான் எப்படி வந்தேன் என்று எனக்கே தெரியாது. போலீஸ்காரர் நல்ல மாதிரி. குழந்தைக்கு ஒன்றுமில்லை, வழக்கும் இல்லை, ஆனால் ஏற்பாடு செய்த நிறுவனத்துக்குத் தெரிவித்தாக வேண்டும் என்றார். அவர் கையிலிருந்த தாளில், 'தாய்க்குத் தெரியாமல்' என்று அதற்குள்ளேயே எழுதியிருந்தார். சொன்னவள் அவள். நான் வாயைத் திறக்கவில்லை. இதை எழுத இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அவர் போனதும் மாடியில் அவள் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏன் அப்படிச் சொன்னே?"

"உங்களுக்குத் தெரியாது என்று நீங்கள்தான் சொன்னீர்கள்."

அவள் குரலில் குத்தலே இல்லை. கோபப்பட்டிருந்தால்கூட எனக்குத் தேவலாம் போலிருந்தது.

அன்று மாலை ரமணனிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"நாளைக்கு அந்தம்மா வந்தா வாயைத் தொறக்காதே. ரிப்போர்ட்ல உன் பேர் ஏறிச்சுன்னா க்ரீன் கார்டு என்ன ஆகுமோ, யாருக்குத் தெரியும்? வேற பொண்ணு வரும்."

மறுநாள் ஏற்பாட்டாளர் அம்மாள் ஃபைலோடு வந்து எங்கள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார். போலீஸ்காரர் சொன்னது ஒரு பக்கம், நான் அனுப்பிய நாலு பக்கம். மொத்தம் ஐந்து. முடிவு சுலபம் என்றார். சனிக்கிழமை விமானத்தில் அவளை ஊருக்கு அனுப்பிவிடலாம். எங்களுக்கு வேறு பெண்களின் போட்டோக்கள்கூடக் கொண்டுவந்திருந்தார். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அவள் பொய் சொல்லியிருக்கிறாள்" என்றேன். "எனக்குத் தெரியும். மூன்று வாரமாகத் தெரியும். தெரியாது என்று அவளைச் சொல்லச் சொன்னதே நான்தான்."

அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். "அப்படியானால் இந்த நாலு பக்கம்?"

"அதுவும் நிஜம்தான். அத்தனையும் செய்கிறாள். சகிக்க முடியாத பெண். ஆனால் போகக்கூடாது."

"இதை எழுதிக் கையெழுத்துப் போடுவீர்களா?"

நான் ரமணனைப் பார்க்கவில்லை. பார்த்தால் பயந்துவிடுவேன். அவர் பெருமூச்சு விடுவது கேட்டது. பிறகு சட்டைப் பையிலிருந்து தன் பேனாவை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

அவள் இருந்தாள். தூக்கம் இனிக் கொல்லைப்புறத்தில் மட்டும், பக்கத்தில் நாற்காலி போட்டு அவளும் உட்கார்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. க்ரீன் கார்டு எல்லோருக்கும் ஆகும் தாமதத்தோடு வந்து சேர்ந்தது.

அன்று அந்த அம்மாளின் கார் தெருவைத் தாண்டியதும் ரமணன் கேட்டார்: "அப்படி என்னதான் பண்ணிட்டா உனக்கு அவ?"

அந்த வருடம் ஊரிலிருந்து போன் செய்தவர்கள், டாக்டர், ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரர்கள், ரமணன் உட்பட எல்லோரும் என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: குழந்தை தூங்குகிறாளா? அவள் மட்டும் தினமும் காலையில், காபிக் கோப்பையோடு சமையலறை வாசலில் நின்று, என் முகத்தை நேராகப் பார்த்து, "நீங்கள் தூங்கினீர்களா?" என்று கேட்பாள். கேட்டுவிட்டு, நான் பதில் சொல்லும்வரை அங்கேயே நிற்பாள்.