சீர்வரிசையில் வைத்த பாலிசி

மருத்துவக் காப்பீட்டை வெற்றிலை பாக்கோடு விற்ற ஏஜென்ட் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் எங்கள் காரைக்குடிக் கிளையில் இருந்தார். பெயர் பதிவேட்டில் இருந்ததோடு சரி. மேனேஜர் முதல் டீ கொண்டுவருபவர் வரை எல்லோருக்கும் அவர் தாம்பாளத்தார். எந்தப் பாலிசியையும் வெறுங்கையால் கொடுக்கமாட்டார். பித்தளைத் தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, இரண்டு வாழைப்பழம், நடுவில் பாலிசி.

"காயிதம்னாலும் மங்களமாப் போகணும் தாயி" என்பார்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கம்ப்யூட்டர் டிப்ளமா முடித்த நான், அந்த அலுவலகத்துக்கு வந்த முதல் கம்ப்யூட்டரோடு சேர்ந்து வந்தவள். படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் எனக்குச் சாப்பாடு இறங்காது. 'ஏற்கெனவே உள்ள நோய்கள்' என்ற கட்டத்தில் மற்ற ஏஜென்ட்டுகள் 'இல்லை' என்று எழுதிவிடுவார்கள். தாம்பாளத்தார் மட்டும் 'சர்க்கரை, நாலு வருஷமாக. ஒளித்துவைத்து லட்டு சாப்பிடுகிறார்' என்று எழுதியிருப்பார்.

"இதெல்லாம் அவுகளே சொன்னாகளா?"

"தாம்பாளத்தோட போன வீட்டுல நோயப் பத்திக் கேக்கலாமா தாயி? எதுத்த வீட்டுல கேட்டேன். அவுகதான் ஒண்ணு விடாமச் சொல்லுவாக."

வங்கியில் பாஸ்புக் வரிசையில் நிற்பவர்களிடம் விற்பார். மில் வாசலில் ஷிப்ட் முடிந்து வருபவர்களிடம் விற்பார். "எங்களுக்குக் கம்பெனியே வைத்தியச் செலவு குடுக்குதே" என்று யாராவது நழுவினால் சைக்கிளைப் பிடித்துக்கொள்வார்.

"கம்பெனி குடுக்குறது சோறுண்ணே. நம்ம பாலிசி குழம்பு. வெறுஞ்சோத்தையா திம்பீக?"

அவருடைய உச்சகட்ட யோசனை பாத்திரக்கடை. செட்டிநாட்டுக் கல்யாணங்களில் பெண்ணுக்குத் தரும் சீர்ச் சாமான்களைப் பட்டியல் போட்டுப் பரப்பிவைப்பார்கள். பிறகு அறையில் வைத்துப் பூட்டினால், பாதிச் சாமான் அடுப்பின் முகத்தையே பார்க்காது. தாம்பாளத்தார் கடைக்காரரோடு பேசி, சீர் வாங்க வருபவர்களைப் பெண் பெயரில் ஒரு பாலிசியும் எடுக்கவைத்தார். முதல் பாலிசி மானகிரிப் பெண் மெய்யம்மைக்கு. குத்துவிளக்குக்கும் இட்லிக் கொப்பரைக்கும் நடுவே அது வீற்றிருந்ததைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கிவிட்டதாம்.

எட்டே மாதத்தில் மெய்யம்மைக்கு மதுரையில் அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன். ஆஸ்பத்திரியில் சேர்ந்த ஆறாம் நாள் காலை அவள் கணவர் எங்கள் கவுண்டரில் வந்து நின்றார். அப்போதுதான் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர். க்ளெய்ம் கிடைக்காவிட்டால் மெஷினை விற்றாக வேண்டும். ஏழு நாளைக்குள் எங்களுக்குக் கடிதம் வராவிட்டால் க்ளெய்ம் கிடையாது. பாலிசியோ சீர் அறையில். சாவி அவர் தாயார் ஆச்சியின் இடுப்பில்.

"ஆத்தா அறையத் தொறக்கமாட்டேங்குறாக சார். 'மருமக சீரை எடுத்துச் செலவழிச்சாகன்னு ஊரு பேசவா'ங்குறாக."

மேனேஜர் தாம்பாளத்தார் பக்கம் திரும்பினார். "சீர்ல வைக்கச் சொன்ன புண்ணியவான் யாருய்யா?"

தாம்பாளத்தார் கையிலிருந்த தாம்பாளத்தை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

நான் ஒரு தாளை எடுத்து வரிசையாக எழுதினேன். ஒன்று: பாலிசி எண் கம்ப்யூட்டரில் இருக்கிறது. இரண்டு: கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியது மெய்யம்மை, மாமியார் அல்ல. மூன்று: அசல் பாலிசிக்குப் பதில் அலுவலக நகல் செல்லும். மேனேஜர் மூன்றுக்கும் தலையாட்டினார்.

"அப்ப சீரைத் தொடவே வேணாமா தாயி?"

"வேணாம்."

"தம்பி, நீங்க போயி ஆத்தாட்டச் சொல்லுங்க. மதுரைக்கு நான் போறேன்" என்று தாளைப் பிடுங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார். தாம்பாளத்தை மறக்கவில்லை.

ஏழாம் நாள் நான் அலுவலகம் வந்தபோது, கசங்கிய சட்டையோடு படியில் உட்கார்ந்திருந்தார். தாம்பாளத்தோடு வார்டுக்குள் நுழைந்தவரை நர்ஸ், "இங்க என்ன நிச்சயதார்த்தமா நடக்குது?" என்று விரட்டினாராம். பழத்தை மட்டும் வாங்கிக்கொண்டாராம்.

"லெட்டர் எங்க?" என்றேன்.

"புள்ள எந்திரிச்சு உக்காந்துருச்சு தாயி."

"சரி, லெட்டர்?"

"கஞ்சியக் குடுத்தா மூஞ்சியச் சுளிக்குது. காரமா ஏதாச்சும் வேணுமாம். இனிமே பயமில்ல" என்று சொல்லிவிட்டுத்தான் சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்தார்.

முத்திரை குத்தினேன். செக் வந்தது, மெஷின் தப்பியது. "அறைக்குள்ள இருந்துக்கிட்டே வேலை பார்த்த சாமான் அது ஒண்ணுதான்" என்று ஆச்சி ஊர் முழுக்கச் சொன்னார்.

வருடக் கடைசியில் ஏஜென்ட்டுகளைப் பிரீமியம் வாரியாக வரிசைப்படுத்தி அச்சிட்டேன். தாம்பாளத்தார் பதினான்காவது. கம்ப்யூட்டர் சொன்னது சரிதான். இரண்டு முறை சரிபார்த்தேன். ஆனாலும், வரிசை தப்பு என்று தெரிந்தே நான் அறிவிப்புப் பலகையில் ஒட்டிய பட்டியல் அது ஒன்றுதான்.